அத்தைக்கு மருந்து கொடுக்கும் கை

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது வீட்டில் யாருக்காவது வேளை தவறாமல் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கணவருக்கு, மாமியாருக்கு, பெற்ற தாய்க்கு. பாசத்தோடு கொடுப்பதாகச் சொல்லிக்கொள்வீர்கள், இருக்கட்டும். நான் என் அத்தைக்குக் கொடுக்கிறேன். ஐம்பது வருட வஞ்சத்தோடு கொடுக்கிறேன். ஒரு சொட்டுகூடப் புரையேற விடாமல், ஒரு வேளைகூடத் தவற விடாமல் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "பெத்த மகளாட்டம் பாத்துக்கறீங்க" என்கிறார்கள். நான் சிரித்துவைக்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர். இதில் எந்த இடத்திலும் அவரை ‘அவள்’ என்று எழுத மாட்டேன். நம் பக்கத்து ஆட்கள் அடிக்க வந்தாலும் ‘வாங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்களே, அது பொய்யில்லை. எனக்கு அவர்மேல் இருக்கும் ஆத்திரத்திலும் அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை. அவர் செய்தது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் அம்மாவின் சாவை என் தலையில் கட்டினார். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான். அது நான் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து கதவுகளை அறைந்துகொண்டே இருக்கும். கணபதி என்கிற எங்கள் பகுதியில் அப்போது எங்கள் சந்தில் மட்டும் ஏழெட்டுப் பட்டறைகள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் வார்ப்புப் பட்டறை. பம்புக்கு உடம்பு வார்ப்பார்கள். வார்ப்புக்கான கருமண் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும். மொலாசஸ் என்கிற கரும்புப் பாகு கலந்து பிசைந்த மண்; சூடு பட்டால் வெல்லம் கருகும் வாசனை அடிக்கும். ஆடிக் காற்றில் அந்த மண் சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், அப்பா மூக்குச் சிந்தினால் கைக்குட்டையில் இருக்கும். உங்களில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பல்லுக்கிடையில் அது நறநறப்பது இப்போதும் தெரியும்.

ஒரு காலையில் அம்மா குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணிவிட்டது. முப்பத்திரண்டு வயதுதான். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ‘கண்ணு’ என்று என்னைக் கூப்பிட நினைத்தால் ‘அண்ணு’ என்று வரும். அவள் பேசுவது எனக்கு மட்டும் புரியும். அப்பாவுக்குப் புரியாது, புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

அந்தக் காலத்து மருந்து பாட்டில் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நாமே வீட்டிலிருந்து கழுவி எடுத்துப் போக வேண்டும். கம்பவுண்டர் அதில் இளஞ்சிவப்பாக எதையோ ஊற்றி, கார்க்கை அமுக்கி, பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டித் தருவார். பட்டையின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. இந்தக் காலத்து மூடி அளவுகளெல்லாம் அந்தக் காகிதப் பல்லுக்கு ஈடாகாது. நான் அந்தப் பற்களை விரலால் தடவித் தடவியே அதன் ஓரத்தைக் கருப்பாக்கிவிட்டேன்.

மருந்து அம்மாவுக்கு இறங்கவில்லை. வாயில் விட்டதும் பாதி கோணல் வழியாகக் கழுத்தில் வழியும். மீதி புரையேறி மூக்கு வழியாக வரும். பச்சைத் தண்ணீரும் அப்படித்தான். ஆனால் ராகிக் கூழ் இறங்கியது. கரண்டியில் எடுத்து வாயில் வைத்தால் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை இறுக்கி மூடி, முழுங்கிவிடுவாள். கூழ் முழுங்குகிறவளுக்குத் தண்ணீர் முழுங்கத் தெரியாதா என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா போய் டாக்டரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மருந்து உள்ள போயே ஆகணுங்க. எப்படியாச்சும் குடுத்துருங்க" என்றாராம். அந்த ‘எப்படியாச்சும்’ என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். மறுநாளே சத்தியமங்கலத்துக்கு ஆள் அனுப்பினார்.

அத்தை வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் துணி சுற்றிய வெள்ளிப் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்ட மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இருக்குமே, சிலர் சங்கு என்பீர்கள், அதுதான். அந்தப் பாலாடையும் அத்தையும் சத்தியமங்கலத்தில் ரொம்பப் பேர் போனவர்கள். பிறந்த குழந்தைக்கு உரைமருந்து ஊற்ற வேண்டும் என்றால் நாலு தெரு தள்ளியிருந்துகூட அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலிடுக்கில் மல்லாக்கப் போட்டு, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, குழந்தை மூச்சுக்கு வாயைப் பிளக்கும் நேரம் பார்த்து ஒரே சாய்ப்பாகச் சாய்த்துவிடுவார். குழந்தை கத்தி முடிப்பதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு குழந்தையும் தன் கையில் மருந்தைத் துப்பியதில்லை என்று அவருக்குப் பெருமை.

வந்த அன்றே அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"இது சீக்கு பாதி, திமிரு பாதி தம்பி. கூழு எறங்குது, மருந்து எறங்காதா? கசக்குதுன்னு துப்பறா. நான் பாத்துக்கறேன், நீ பட்டறைக்குப் போ."

அப்பா போனார்.

அத்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். முப்பத்திரண்டு வயது அம்மாவின் தலையைத் தூக்கித் தன் தொடைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டார். மூக்கைப் பிடித்தார். பாலாடையைச் சாய்த்தார். அம்மாவின் நல்ல கால் மட்டும் ஜமுக்காளத்தை உதைத்துக்கொண்டே இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மருந்து உள்ளே போனது. அதற்குப்பிறகு அம்மா பேசினால் தண்ணீர்க் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோலக் களகளவென்று சத்தம் வந்தது.

"பாத்தியா அம்மணி, எறங்குச்சா இல்லியா?" என்று அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்படி நாலு நாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒவ்வொரு வேளைக்கும் அம்மா என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. அது எனக்கும் அவளுக்கும் இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் காலை, அத்தை குளிக்கப் போயிருந்தபோது, பாலாடையை எடுத்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். ஆட்கள் இன்னும் வரவில்லை. கருமண் குவியலில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தேன். நகத்துக்குள் இருந்த கறுப்பைச் சாம்பல் வைத்துத் தேய்த்தேன். அத்தை வீட்டையே கவிழ்த்துத் தேடினார். காலை வேளை மருந்து அதில் தப்பிப் போனது.

மத்தியானம் அத்தை வாசலில் யாரிடமோ பாலாடை தொலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாகக் கூழ் எடுத்தேன். ஆறியதா என்று உதட்டில் வைத்துப் பார்த்தேன். பாட்டிலில் ஒரு பல் அளவு மருந்தை அதில் ஊற்றிக் கலக்கினேன். இளஞ்சிவப்பு காணாமல் போனது. கூழ் கூழாகவே இருந்தது. கசப்புக்குக் கருப்பட்டி. அம்மாவால் தானாக உட்கார முடியாது என்பதால், அவள் முதுகுக்குப் பின்னால் தலையணையும், தலையணைக்குப் பின்னால் சுருட்டிய ஜமுக்காளமும் வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். கரண்டி நுனியில் எடுத்து, கோணாத பக்கமாக வாயில் வைத்தேன். அம்மா தலையைக் கொஞ்சம் குனிந்தாள். தொண்டையில் அந்த முண்டு மேலே ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. அடுத்த கரண்டி. அதுவும் இறங்கியது. கிண்ணம் காலியானது. ஒரு பல் மருந்தும் அவளுக்குள் போய்விட்டது. அம்மா நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டு "அண்ணு" என்றாள். குரலில் களகளப்பு இல்லை.

அப்போது கதவோரத்தில் ஒரு சேலை முந்தானை நகர்ந்தது. அரக்குக் கலர், மஞ்சள் கரை. அத்தையுடையது. நான் திரும்புவதற்குள் போய்விட்டது. அவர் பார்த்தாரா பார்க்கவில்லையா என்று அன்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் திட்டியிருப்பாரே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை டம்ளரோடு வந்தார்.

"பாலாடை இல்லீன்னா மருந்து குடுக்க முடியாதாக்கும்? என்ற கைக்கு டம்ளரே போதும்."

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். பாலாடையில் இருந்தாலாவது அதன் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். டம்ளரில் இருந்து ஒரே மடக்காக விழுந்தது. பாலாடையை நான் ஒளித்துவைக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. என் கோபத்தில் பாதி இதனால்தான் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். அதனால் மீதிப் பாதி குறைந்துவிடாது.

அம்மாவின் முகம் கருத்தது. இருமல் நிற்கவேயில்லை. மறுநாள் அனலாகக் காய்ச்சல்; மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் நுரை கொதிக்கிற சத்தம். மூன்றாம் நாள் காலை முடிந்துவிட்டது.

எடுப்பதற்கு முன்பு சொந்தக்காரர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். முந்தாநாள்வரை மருந்து இறங்கியதாகச் சொன்னீர்களே, திடீரென்று எப்படி என்று யாரோ கேட்டார்கள். அத்தை மூக்கைச் சிந்தினார். பிறகு, சத்தமே போடாமல், மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

"நான் பாத்துப் பாத்து ஊத்துனனுங்க. இந்தப் புள்ள ஆருக்கும் தெரியாம கூழுல மருந்தைக் கொழப்பி வாயில அடைச்சுப்போட்டா. கெட்டிக் கூழு நெஞ்சுல போய்க் கட்டிக்கிச்சு. சின்னப் புள்ள, அதுக்கு என்னுங்க தெரியும். ஆரும் அவளத் திட்டாதீங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, பட்டறையில் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் டம்ளரை வாங்கினார். வாங்கி, குடிக்காமல், மண் சலிக்கும் பலகைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் டம்ளர் அங்கேயே இருந்தது. தண்ணீர்மேல் கறுப்பாக ஏடு படிந்திருந்தது. அன்றைக்குத்தான் மண் குவியலில் கையை விட்டுப் பாலாடையைத் தோண்டி எடுத்தேன். புளி போட்டு விளக்கி, என் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

அப்பா என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. படிக்கவைத்தார். ஆனால் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நான் சமைத்தால் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார். எனக்கு வந்த முதல் வரன் பேச்சுவாக்கில் கலைந்தது. மாப்பிள்ளையின் தாயார் காதில் ‘அம்மாவுக்குக் கூழ் அடைச்ச புள்ள’ என்று யாரோ போட்டிருந்தார்கள். அது போகட்டும், பிறகு வந்தவர் நல்லவராகவே வந்தார். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது கஞ்சிக் கரண்டியை அவர் வாய்க்கருகில் கொண்டுபோனேன். கரண்டியைப் பார்த்தார். பிடித்திருந்த கையைப் பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டார். நர்ஸ் வந்து வாங்கிக் கொடுத்தபோது குடித்தார்.

இப்போது இந்த வருடக் கதைக்கு வருகிறேன்.

அத்தைக்கு எண்பத்தெட்டு. மகன் சரவணம்பட்டியில் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வாங்கியிருக்கிறான். அவனும் மருமகளும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சித்திரையில் அத்தைக்கு இழுத்துக்கொண்டது. அதே வலது பக்கம். அதே கோணல் வாய். ஒரு நாள் மருமகள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, வேலைக்கு வெச்ச பொண்ணு சிரப்பு ஊத்துனா அத்தைக்குப் பொரையேறிப் பொரையேறி மூஞ்சே கருத்துப்போயிருதுங்க. ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ட்டோம். தண்ணிகூட எறங்க மாட்டேங்குது. ஆனா கூழு மட்டும் எறங்குதுங்க்கா. அது என்ன அதிசயமோ."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் குளிர்ந்தது.

"நான் வாரேன் கண்ணு. நானே தெனமும் வந்து குடுக்கறேன்" என்றேன்.

நான் போன முதல் நாள், முழுங்கப் பழக்குகிற பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். என் மகள் வயது. அத்தை கட்டிலில் மல்லாந்து கிடந்தார்; என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, அத்தையை நேராக நிமிர்த்தி உட்காரவைத்தாள். மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தினாள். மருமகளையும் மகனையும் என்னையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"தண்ணி மாதிரி இருக்கற மருந்து வேகமா ஓடுமுங்க. தொண்டை மூடறதுக்கு முன்னாடியே மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். கெட்டியா இருந்தா மெதுவாப் போகும், தொண்டைக்கு டைம் கெடைக்கும். அதனால டாக்டர் சரின்னு சொன்ன மருந்தை மட்டும் கொஞ்சமா கெட்டிக் கூழுல கலந்து குடுங்க. நெறையக் கூழுல கலந்தா பாதியிலேயே போதும்னுருவாங்க, மருந்து மிச்சமாயிரும். சின்னக் கரண்டி. நல்லா இருக்கற பக்கம். தொண்டை ஏறி எறங்கறதைப் பாத்துட்டு அடுத்த கரண்டி. வாயில இருக்கறப்பப் பேச விடக் கூடாது. குரல் களகளன்னு வந்தா உடனே நிறுத்திருங்க. முடிச்சதும் அரை மணி நேரம் படுக்க வெக்காதீங்க."

பத்து வயதில் நான் தலையணை வைத்துச் செய்தது அத்தனையும், சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. நான் அத்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்கம்மிணி, கூழு எறங்குது, தண்ணி எறங்கலைன்னா அது நடிப்புங்களா?"

"நடிப்பா? இல்லீங்கம்மா. இந்தச் சீக்கே அப்படித்தான்."

"மல்லாக்கப் படுக்கவெச்சு, மூக்கைப் புடிச்சு ஊத்துனா?"

அவள் பதறிப்போனாள். "ஐயோ, அப்படியெல்லாம் செஞ்சுறாதீங்க. நேரா நுரையீரலுக்குப் போயிரும். உசுருக்கே ஆபத்துங்க."

"இன்னொருக்காச் சொல்லுங்க. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

அவள் கட்டிலருகே குனிந்து, நல்ல பிள்ளையாக, சத்தமாக இன்னொரு முறை சொன்னாள். அத்தையின் காதில் ஒரு குறையும் கிடையாது. மூடியிருந்த இமைக்குள் கண் உருள்வது தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, அத்தை கண் விழித்தால் நேரே படும்படி எதிர்ச் சுவரில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் கரண்டியை நீட்டும்போது, "கூழுங்க அத்தை. எறங்குதுங்களா?" என்று கேட்பேன். மரியாதையாகத்தான் கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுங்குவார். அவருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. காபி என்பார், மகனைக் கூப்பிடுவார். என்னிடம் மட்டும் பேச மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள், ஆசையாக, தானே கொடுக்கிறேன் என்று கலக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு மாவு டப்பா வாங்கியிருந்தார்கள். அதில் மலம் இளக்கும் மருந்தையும் சேர்த்துக் கலக்கிவிட்டாள். முழுங்கப் பழக்குகிற பெண் தனியாகச் சொல்லியிருந்தாள், இந்த மாவில் அந்த மருந்தைச் சேர்த்தால் நீர்த்துப்போகும் என்று. மருமகள் மறந்துவிட்டாள். நான் பார்க்கும்போதே டம்ளரில் கெட்டியாக இருந்தது இளகி, ஓடுகிற தண்ணீரானது. மருமகள் அத்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவள் கவனிக்கவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. மருமகள் கையால், ஆசையாக, ஒரே மடக்கு. அந்த டம்ளரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு, "குடு கண்ணு, இது ஆகாது" என்று வாங்கித் தொட்டியில் கொட்டினேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் அவரை எப்படிப் போக விடுவேன்?

மறுநாள் பாலாடையை எடுத்துக்கொண்டு போனேன்.

புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருந்தேன். அத்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைத் தாழ்த்தி, மடியில் துண்டு விரித்துவிட்டு, பையிலிருந்து எடுத்துக் கட்டிலருகே முக்காலிமேல் வைத்தேன்.  கூழில் மருந்தைக் கலக்கத் தொடங்கினேன்.

அத்தை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். அவருடைய நல்ல கை துண்டைப் பிடித்துக் கசக்கியது. அந்தக் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன். மல்லாக்கப் படுக்கவைத்து மூக்கைப் பிடிக்கப்போகிறேன் என்றே நினைத்திருக்க வேண்டும். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அத்தை கூழோடு பேச வந்தார்.

"நீ... நீயா எடு..."

"முழுங்குங்க மொதல்ல" என்றேன். "வாயில வெச்சுட்டுப் பேசக் கூடாதுங்க. சொவத்துல எழுதியிருக்குது பாருங்க."

ஐம்பது வருடம் காத்திருந்தது பெரிதில்லை. அந்த ஒரு வாய் இறங்கும்வரை காத்திருந்ததுதான் பெரிது. அவர் கண்ணை மூடினார். தொண்டையில் அந்த முண்டு அசைந்தது, நின்றது, பிறகு மேலே ஏறி இறங்கியது. இன்னொரு முறை வெறும் வாயை முழுங்கச் சொன்னேன். முழுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

"இப்பச் சொல்லுங்க அத்தை."

"நீயா எடுத்தே."

"ஆமாங்க."

 பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கூழு... எறங்குச்சு. நான் பாத்தேன். கதவுகிட்ட நின்னு... பாத்தேன். கிண்ணம் பூரா... எறங்குச்சு."

"அப்பறம் எதுக்குங்க டம்ளர்ல ஊத்துனீங்க?"

"சின்னப் புள்ள... நீ செஞ்சுட்டே. என்னால... ஆவுலியே."

நான் மருமகளைக் கூப்பிட்டேன். அடுத்த அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தவள், கழற்றிவிட்டு ஓடிவந்தாள். "மறுக்காச் சொல்லுங்க அத்தை" என்றேன். அவர் சொன்னார். முதல் தடவையைவிடத் தெளிவாகவே சொன்னார். அந்தப் பிள்ளை கொடுத்த கூழ் இறங்கியது, தான் ஊற்றியதுதான் இறங்கவில்லை, ஊரெல்லாம் மாற்றிச் சொன்னது தான்தான் என்று. அவருக்குக் கண்ணீர் வந்தது. எனக்கு வரவில்லை.

மருமகள் என் தோளைத் தொட்டாள். "எப்பவோ நடந்ததை எதுக்குங்க்கா இப்பக் கெளறிட்டு? அத்தைக்கு மூச்சு வாங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மா செத்த அன்று உட்கார்ந்து அந்தப் பழியைக் கேட்டவர்களில் ஒருவரும் இன்று இல்லை. கேட்டிருக்க வேண்டியவர் படமாக என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்.

நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். பாதி மருந்து இன்னும் அதில் இருந்தது. அத்தை நல்ல கையை மெதுவாகத் தூக்கி முக்காலியைக் காட்டினார்.

"அதுல... ஒரு வாய்... பச்சத்தண்ணி."

தாகமா, தனக்குத் தானே தண்டனை கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. பாலாடையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கெஞ்சுகிறவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன் என்றால் ஊர் என்னைப் புண்ணியவதி என்றுகூடச் சொல்லும்.

"ஆகாதுங்க அத்தை" என்றேன். "உங்களுக்குத் தண்ணி ஆகாது. கூழுதானுங்க."

கரண்டி நுனியில் எடுத்து நீட்டினேன். அவர் கரண்டியைப் பார்த்தார். பிடித்திருந்த கையைப் பார்த்தார். அப்பா பார்த்த அதே பார்வை, உடன்பிறந்தவர்கள் அல்லவா. ஆனால் அத்தை உதட்டை மூடவில்லை. வாயைத் திறந்தார்.

அப்பா சாகும்வரை வாங்காத கை இது. இதே கையிலிருந்து அவருடைய அக்கா ஒரு நாளைக்கு மூன்று வேளை வாங்குகிறார். வேறு யார் கொடுத்தாலும் புரையேறுகிறது. என் கைக்கு மட்டும் இறங்குகிறது. இதைத் தன் வாயாலேயே மகனிடம் சொல்லியிருக்கிறார். பாலாடை அந்த முக்காலிமேலேயே இருக்கிறது, நான் எடுக்கவில்லை. அவர் நூறு வயதுவரை இருக்க வேண்டும். ஒரு சொட்டையும் தப்பான வழியில் போக விடமாட்டேன். நாளைக்கு ராகி மாவு தீர்ந்துவிடும். காலையில் ராகியை மிஷினில் கொடுத்து நைசாக அரைத்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.